வீட்டுக் காற்றும் அதன் பரிசோதனையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வீடு கட்ட எண்ணுவோர் முதற்கண் கிணறு வெட்டுவர். ஊறிய நீரை உள்ளங்கையில் ஏந்திச் சுவைத்து, இது நன்னீர், இது சவர் என்று தீர்ப்பளித்தல் தொன்றுதொட்டு வந்த வழக்கமாகும். உவர்ப்பை நாவினால் அறியலாம். ஆயின், தோட்டத்துக்கு இட்ட பசளையிலிருந்து சுண்ணாம்புக்கற் பாறையினூடாக இறங்கிக் கிணற்றை அடையும் நைத்திரேற்றை எந்த நாவும் அறியமாட்டாது, ஆய்வுகூடமே அறியும். நீரைப் பற்றிய இவ்வுண்மையை நம்மவர் இப்பொழுது பெரும்பாலும் ஒப்புக்கொண்டுள்ளனர். காற்றைப் பற்றியோ இன்னும் மூக்கையே நம்பியிருக்கின்றோம். ஒருவர் நாளொன்றுக்கு அருந்தும் நீர் இரண்டு மூன்று இலீற்றர்; உட்கொள்ளும் காற்றோ பத்தாயிரம் இலீற்றரினும் மிகுதி. குளிர்நாடுகளில் வாழ்வோர் அதில் மிகப் பெரும்பகுதியைப் பூட்டிய கதவுகளுக்குள்ளேயே சுவாசிக்கின்றனர். நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று அத்தகைய நாடுகளிற் குடியிருந்து சொந்த வீடும் வாங்கியுள்ளனராதலின், அவர்களை முன்னிறுத்தியே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

வீட்டுக் காற்றை அளந்தறிதல் புதிய எண்ணமன்று. யேர்மனியின் மியூனிக் நகரில் வாழ்ந்த பெற்றன்கோபர் என்னும் சுகாதார அறிஞர், குடியிருப்பு வீடுகளின் காற்றோட்டம் பற்றி 1858ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அறையிலுள்ள காபனீரொட்சைட்டு ஆயிரத்தில் ஒரு பங்கினை விஞ்சுமாயின் அவ்வறையின் காற்று பழுதுற்றது எனக் கொள்க என்பது அவர் வகுத்த அளவு. அவ்வளவிலுள்ள அவ்வாயு தானே நஞ்சு என்பது அவர் கருத்தன்று; மனிதர் வெளிவிட்ட காற்று வெளியேறாது தேங்கி நிற்பதற்கு அஃது ஓர் அடையாளம் என்பதே கருத்து. இன்றும் பாடசாலை வகுப்பறைகளின் காற்றோட்டத்தை மதிப்பிடுவோர் இவ்வளவை எடுத்தாள்வதுண்டு.

எனினும், வீட்டைச் சோதித்தல் வேண்டும் என்னும் எண்ணத்தைப் பொதுமக்களிடையே பரப்பியது பிற்காலத்து நிகழ்ச்சி ஒன்றேயாம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லிமரிக் என்னும் இடத்தில் அணுமின் நிலையம் ஒன்று அமைக்கப்பட்டு வந்தது. அங்கே பணிபுரிந்த ஸ்ரான்லி வாட்ராஸ் என்னும் பொறியியலாளர், 1984ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில், கதிர்வீச்சைக் காட்டும் வாயிற்கருவியைக் கடக்குந்தோறும் அஃது ஒலியெழுப்பிற்று. நிலையமோ மின் பிறப்பிக்கத் தொடங்கியிருக்கவில்லை. ஒருநாட் காலை, வேலைத்தலத்துள் நுழைந்தவுடனேயே அவர் கருவியண்டை சென்றார். அப்பொழுதும் அது கூவிற்று. நிலையத்தில் அவர்மீது படிந்தது ஏதுமில்லை, வீட்டிலிருந்தே அவர் கொண்டுவருகின்றார் என்பது இதனால் தெளிவாயிற்று. அவர்தம் வீட்டுக் காற்றை அளந்தபோது, ஒரு கனமீற்றருக்கு ஏறத்தாழ 1,00,000 பெக்கரல் அளவில் இரேடன் வாயு இருக்கக் கண்டனர். உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டில் விதந்துரைத்த அளவு 100 பெக்கரல் மாத்திரமே. ஆயிரம் மடங்கு! அவ்வீட்டிற் குடும்பத்தினர் உண்டும் உறங்கியும் வந்தனர். ஒருவருக்கேனும் மணமோ எரிவோ இருமலோ தோன்றி எச்சரிக்கவில்லை. குடும்பத் தலைவர் வேறெங்காவது தொழில் பார்த்திருப்பாராயின் அவ்வீட்டின் நிலை எக்காலத்து வெளிப்பட்டிருக்குமோ, யார் அறிவார்?

இரேடன் என்பது யாது? மண்ணிலும் பாறையிலும் சிறிதளவேனும் யுரேனியம் உண்டு. அது படிப்படியாகச் சிதைந்து இரேடியமாகி, இரேடியம் சிதையும்போது இரேடன் பிறக்கின்றது. முன்னவையெல்லாம் திண்மங்களாதலின் நிலத்தோடு கிடக்கும். இஃது ஒன்றே வாயுவாதலின் மண்ணின் துளைகளூடாக மேலெழும். நிறமும் மணமும் சுவையும் அற்றது. அதன் அரை ஆயுட்காலம் 3.8 நாட்கள், நிலத்திலிருந்து வீட்டினுள் வந்து சேர்வதற்கு அக்காலம் போதுமானது. இரேடன் தானும் மூச்சோடு சென்று மூச்சோடு மீளும் இயல்பினதே. அது சிதைந்து தோன்றும் பொலோனியம் முதலியனவே கொடியவை. அவை தூசியிற் பற்றி நுரையீரலின் சுவரிற் படிந்து, அங்கிருந்தே அல்பாத் துணிக்கைகளை வீசுகின்றன. யேர்மனியின் சினீபேர்க் சுரங்கத் தொழிலாளரைப் பல தலைமுறைகளாகக் கொன்ற நோய் நுரையீரற் புற்றே என்பது 1879இல் வெளியாயிற்று. அதன் காரணம் இவ்வாயு என்பது அதற்கும் பின்னரே துணியப்பட்டது.

வீடு இவ்வாயுவைத் தானாகவே உறிஞ்சுகின்றது என்றாற் சிலர் நம்பார். மாரிகாலத்தில் வீட்டினுள்ளே சூடேற்றப்பட்ட காற்று மேலெழுந்து கூரையின் இடுக்குகளால் வெளியேறும். வெளியேறியதற்கு ஈடாகக் கீழிருந்து காற்று வருதல் வேண்டுமன்றோ? கதவும் சன்னலும் அடைத்திருத்தலின், நிலவறையின் சீமெந்துத் தளத்திலுள்ள வெடிப்புகள், குழாய் புகும் துளைகள், வடிகிணறு ஆகியவற்றினூடாக மண்ணிலுள்ள காற்று மேலிழுக்கப்படுகின்றது. புகைபோக்கி நெருப்பை இழுப்பதும் இம்முறையாலேயே. ஆதலின் ஒரே தெருவில், ஒரே வரைபடப்படி கட்டிய இரு வீடுகளுள் ஒன்றில் 30 பெக்கரலும் மற்றொன்றில் 600 பெக்கரலும் இருத்தல் கூடும். அயலவர் சோதித்துப் பார்த்தார், குறைவாகவே இருந்தது, ஆகையால் எமக்கும் அச்சமில்லை என்று வாதிப்பவர், அயலவர் வீட்டுக் கிணறு நன்னீராயிருத்தலின் தம் கிணறும் நன்னீரே என்று கொள்பவரை ஒப்பர். நாட்டுப்படத்திற் பிரதேச வாரியாகக் குறித்திருப்பதும் வாய்ப்பைக் காட்டுமேயன்றித் தனியொரு வீட்டின் உண்மையைக் காட்டாது.

தீங்கின் அளவு யாதெனின், ஐரோப்பாவில் நிகழ்ந்த 13 ஆய்வுகளை ஒருங்கு சேர்த்துக் கணித்து 2005இல் வெளியிடப்பட்ட முடிபின்படி, நீண்டகாலம் வாழும் வீட்டில் ஒவ்வொரு 100 பெக்கரல் மிகுதிக்கும் நுரையீரற் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 16 வீதம் ஏறுகின்றது. அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 21,000 பேர் இரேடனால் விளையும் இந்நோயால் இறக்கின்றனர் என்பது அந்நாட்டுச் சுற்றாடற் பாதுகாப்பு நிறுவனத்தின் கணிப்பு. புகைபிடிப்போருக்கு இவ்வாபத்துப் பன்மடங்காகும். இவ்விரண்டும் சேர்ந்த வீட்டில் எதனை முதலில் நிறுத்துவது என்று வினாவ வேண்டியதில்லை. சுருட்டை அணைக்க ஆய்வுகூடம் வேண்டா.

சோதனை முறை எளிது. உயிர்ப்பூட்டிய கரி அடங்கிய சிறு பேணியை இரண்டு முதல் ஏழு நாட்கள் வரை திறந்து வைத்து, மூடி, ஆய்வுகூடத்துக்கு அனுப்புதல் ஒரு முறை. இது விரைவானதாயினும், காற்றின் நிலை நாளுக்கு நாள் மாறுதலின் முழு நம்பிக்கைக்குரியதன்று. மற்றையது சிறு பிளாத்திக்குத் தகட்டை மூன்று மாதத்துக்குக் குறையாது வைத்திருத்தல். அல்பாத் துணிக்கை ஒவ்வொன்றும் அத்தகட்டிற் கண்ணுக்குப் புலனாகாத வடு ஒன்றைப் பதிக்கும். ஆய்வுகூடத்தார் அதனை எரிசோடாவில் இட்டு வடுக்களைப் பெருப்பித்து நுணுக்குக்காட்டியினால் எண்ணுவர். இது மின்சாரம் வேண்டாதது, விலையும் சிறிது. கனடா அரசின் சுகாதாரத் திணைக்களம் விதந்துரைப்பது இந்நீண்டகாலச் சோதனையையே. அங்கு 2007ஆம் ஆண்டு முதல் 200 பெக்கரல் என்பதே திருத்தம் தொடங்குதற்குரிய எல்லையாகும்.

மிகுதியெனக் கண்டால் வீட்டை விட்டோடல் வேண்டா. சீமெந்துத் தளத்தைத் துளைத்துக் குழாய் ஒன்றை இறக்கி, சிறு விசிறியால் அடிமண்ணின் காற்றை உறிஞ்சி வெளியே செலுத்திவிடுவர். அதனால் வாயு வீட்டினுட் புகாது வெளியேறிப் பரந்த காற்றோடு கலந்து போகும். வாட்ராஸ் குடும்பத்தினரும் சில மாதங்களின் பின்னர்த் திருத்தப்பட்ட தம் வீட்டுக்கே திரும்பினர். திருத்தியபின் மீண்டும் அளத்தல் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

இரேடனை விரித்துக் கூறியது, அதனை அறியப் பரிசோதனையன்றி வேறு வழியே இன்மையால். ஏனையவற்றைச் சுருக்கமாகக் காண்பாம். 2005ஆம் ஆண்டின் கத்தறீனாப் புயலால் வீடிழந்தோருக்கு அமெரிக்க அரசு வண்டிவீடுகளை வழங்கிற்று. அவற்றின் ஒட்டுப்பலகைகளிலிருந்து போமல்டிகைட்டு என்னும் வாயு கசிந்தது. குடியிருந்தோர் கண்ணெரிவும் இருமலும் என்று முறையிட்டனர். ஈற்றில், 2007 இறுதியிலும் 2008 தொடக்கத்திலும் 519 வீடுகள் சோதிக்கப்பட்டன. நூறு கோடிப் பங்கு காற்றில் 3 பங்கு முதல் 590 பங்கு வரை அவ்வாயு இருந்தது. ஆண்டுகள் இரண்டு கழிந்த பின்னர் நிகழ்ந்த இச்சோதனை குடிபுகுமுன் நிகழ்ந்திருத்தல் வேண்டும். காபனோரொட்சைட்டைப் பொறுத்தமட்டில், ஒருநாட் சோதனையாற் பயனில்லை. பழுதான அடுப்போ வெப்பமூட்டியோ எந்த இரவிலும் அதனைக் கக்கலாமாதலின், படுக்கையறையண்டை ஓயாது காவல் செய்யும் ஒலிக்கருவியே வேண்டும். சுவரிற் பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியுமாயின் காசு கொடுத்துச் சோதித்தல் வீண். ஈரத்தை நிறுத்தித் துடைத்தலே செயற்பாலது. சோதிப்பவரே திருத்துங் கருவியையும் விற்பவராயின், அவர் கூறும் எண்ணை மற்றோர் ஆய்வுகூடத்தில் ஒப்புநோக்குதல் நன்று. இத்துறையில் வீண் பயங்காட்டிப் பொருள் பறிப்போரும் உளர்.

நம் நாட்டு நிலை வேறு. நடுமுற்றம் திறந்த நாற்சார் வீட்டிலும், ஓட்டுக் கூரையின்கீழ்ச் சன்னல் அடையாத அறையிலும், மண்ணின் வாயு தேங்குதற்கு இடம் குறைவு. இங்குள்ள பகைவன் புகையே. ஊமலும் பனைமட்டையும் இட்டு ஊதுகுழலோடு இருந்த நம் அன்னையரின் அடுக்களையைச் சோதிக்க எக்கருவியும் வேண்டியதில்லை. சுவரின் கரியே சான்று. உலகெங்கணும் இத்தகைய வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் 32 இலட்சம் பேர் வரை இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. புகைபோக்கி கட்டுதற்கு அறிக்கையை எதிர்பார்த்திருத்தல் தகாது. ஆனால், குளிரூட்டி பொருத்திச் சன்னலை நிரந்தரமாக மூடிய புதுவீடுகளுக்குப் பெற்றன்கோபரின் பழைய அளவு பொருந்தும். காபனீரொட்சைட்டை அளக்கும் சிறு கருவிகள் இப்பொழுது கடைகளிற் கிடைக்கின்றன.

மீண்டும் கனடா வாழ் அன்பரிடம் வருகின்றோம். ரொறன்ரோவிலும் அதன் சூழலிலும் நம்மவர் வீடுகளின் நிலவறை, அவர் 'பேஸ்மென்ற்' என வழங்குவது, வெறுமனே பொருள் அடுக்கும் இடமன்று. ஊரிலிருந்து வந்த பெற்றோர் அங்கே உறங்குகின்றனர். புதிதாக வந்த இளைஞர் வாடகைக்கு இருக்கின்றனர். பிள்ளைகள் தேர்வுக்குப் படிப்பதும் அங்கேயே. வீட்டின் மற்றெல்லா அறைகளினும் மண்ணுக்கு அணித்தாயது அதுவே. வாடகை வாங்குவோர் அவ்வறையைச் சோதிப்பித்து, கண்ட எண்ணைக் குடியிருப்பவருக்குச் சொல்லுதல் கடன். தகட்டை வைக்கத் தக்க காலம் ஐப்பசி தொடங்கிப் பங்குனி முடியவுள்ள வெப்பமூட்டும் மாதங்கள். ஒருவர் நாளொன்றில் நான்கு மணிநேரமேனும் தங்கும் கீழ்த்தள அறையில், மூச்சுவிடும் உயரத்தில், சன்னலுக்கும் வெப்பக் காற்று வரும் வாய்க்கும் எட்டி அதனை வைத்து, வைத்த திகதியைக் குறித்துக்கொள்க. வந்த அறிக்கையை வீட்டு உறுதியோடு சேர்த்து வைத்தால், பின்னர் வாங்க வருபவருக்கும் உதவும்.