கரிக்கு முதலில் தீனி போடுங்கள்

முதல் தடவை சுட்ட கரியை அப்படியே கத்தரிப் பாத்தியில் கொட்டினேன். மூன்றாம் வாரம் இலையெல்லாம் வெளுத்து மஞ்சளாகிவிட்டது. வெறுங்கரி பசியோடு இருக்கும். மண்ணிலுள்ள தழைச்சத்தை முதலில் தனக்கே இழுத்துக்கொள்ளும். அமேசான் பழங்குடிகள் உருவாக்கிய 'தெர்ரா பிரெட்டா' என்ற கறுப்பு மண் இன்றும் வளமாக இருக்கிறது. அதிலும் கரி தனியாக இல்லை. எலும்பும் சமையல் கழிவும் கலந்தே கிடக்கின்றன.

சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் தெரியாதவர் குறைவு. அதற்கு நாள்கணக்கில் காவல் இருக்க வேண்டும். நமக்குப் புனல்போல் மேலே அகன்று கீழே குறுகிய ஒரு குழி போதும்: வாய் நான்கடி, ஆழம் இரண்டரை அடி. துவரை மாறோ, பருத்தி மாறோ, சீமைக்கருவேல் கிளையோ, ஒடித்தால் படக்கென்று முறிய வேண்டும். கட்டைவிரல் தடிமனைத் தாண்ட வேண்டாம். பெயின்ட் அடித்த பலகை கூடவே கூடாது.

அடியில் தீ மூட்டி ஓர் அடுக்கு பரப்புங்கள். அதன்மேல் வெள்ளைச் சாம்பல் பூக்கத் தொடங்கியதும் அடுத்த அடுக்கு. மேலே எரியும் தழல் காற்றை எடுத்துக்கொள்வதால் கீழே இருப்பது சாம்பலாகாமல் கரியாகவே தங்கும். புகை கிளம்பினால் விறகு ஈரம், அல்லது அவசரப்பட்டுத் திணித்திருக்கிறீர்கள். குழி நிறைந்ததும் பத்துப் பதினைந்து குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மேலாக மண்ணைத் தூவிவிட்டுப் போனால் உள்ளே கனன்று, காலையில் சாம்பல்தான் மிஞ்சும்.

நல்ல கரித் துண்டுகளைத் தட்டினால் கண்ணாடிபோல் கிணுங்கும். கையில் பட்ட கறுப்பு வெறுந்தண்ணீரிலேயே போய்விடும். பிசுக்காக ஒட்டினால் சரியாக வேகவில்லை; அடுத்த தடவை தீயில் போடுங்கள்.

ஈரம் காயுமுன் சாக்கில் கட்டி மிதித்து நொறுக்குங்கள். காய்ந்த தூள் மூக்கில் ஏறும். ஒரு கூடை கரிக்கு ஒரு கூடை மக்கிய தொழுஉரம். தண்ணீர் கலந்த கோமியத்தைத் தெளித்துப் பிசறி, நிழலில் குவித்துச் சாக்கால் மூடிவிடுங்கள். வாரம் ஒரு கிளறல். பிடித்தால் உருண்டையாக நிற்கும் ஈரம் இருக்கட்டும். நான்கு வாரத்தில் கோமிய வாடை போய் மண்வாசம் வரும்.

சதுர மீட்டருக்கு ஒரு கிலோ கரி என்ற கணக்கில் மேல்மண்ணோடு கலக்கலாம். ஏக்கருக்கு அது 4 டன்! அவ்வளவுக்கு எங்கே போவது? நடவுக்குழிக்கு இரண்டு கைப்பிடி கலவை போதும். தண்ணீரோடு உரமும் இறங்கிவிடுகிற மணல்சாரிச் செம்மண்ணில்தான் பலன் நன்றாகத் தெரியும். ஒரு தடவை போட்ட கரி பல ஆண்டு கிடக்கும். தொழுஉரத்தை மட்டும் வழக்கம்போல் போட்டுவாருங்கள்.

கரியும் காரத்தன்மை உடையதுதான். மண் பரிசோதனை அட்டையில் பிஎச் 8-ஐத் தாண்டியிருந்தால், களர் நிலமென்றால், இந்த வேலையில் இறங்காதீர்கள்.