வானப் பயணமும் வீடியோ கேமராவும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், பெங்களூரிலிருந்து தூத்துக்குடிக்கு என் தாயாரை விமானத்தில் அழைத்துச் சென்றேன். அவருக்கு அது முதல் வானப் பயணம். அதனைப் பதிவு செய்வதற்கென்றே ஒரு வீடியோ கேமராவை வாங்கினேன். தொலைவில் உள்ளதை நாற்பது மடங்கு பெரிதாக்கிக் காட்டும் என்று கடைக்காரர் கூறியதையே பெரிதாக எண்ணினேன். வீடு சேர்ந்து பார்த்தபோது காட்சி முழுவதும் நடுங்கியது. விமானச் சுழல்விசிறியின் தகடுகள் அரிவாள்போல் வளைந்து தோன்றின. தாயார் வியந்து பேசிய சொற்கள் எஞ்சின் இரைச்சலில் மூழ்கிப்போயின.

மாணவர்களே, பிழை எங்கே நேர்ந்தது?

முதலாவது, நடுக்கம். பறக்கும் விமானம் ஓயாது அதிரும். காட்சியைப் பெரிதாக்கினால் அந்நடுக்கமும் பெரிதாகும். ஆகவே, வில்லையை நகர்த்தி அசைவை ஈடுசெய்யும் வசதி உள்ளதா என்பதையே முதலில் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, வளைவு. பெரும்பாலான கேமராக்களின் உணரி, காட்சியை ஒரே கணத்தில் பதிவதில்லை, வரிவரியாகப் பதிகிறது. ஏ.டி.ஆர். 72 விமானத்தின் சுழல்விசிறி, புறப்படும்போது நொடிக்கு ஏறத்தாழ 20 முறை சுழலும். முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே தகடு இடம் மாறிவிடுவதால் வளைந்து தெரிகிறது. ஒளிபடும் நேரத்தை 1/50 நொடியாக அமைத்தால், அதற்குள் விசிறி 144 பாகை சுழன்றுவிடும். தகடுகள் மெல்லிய புகைவட்டமாகப் படியும். பகல் வெளிச்சத்தில் இவ்வாறு அமைக்க, ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடியை வில்லையின்மேல் பொருத்த வேண்டும். எனவே, ஒளிபடும் நேரத்தை நாமே மாற்றத்தக்க கேமராவே ஏற்றது.

மூன்றாவது, ஒலி. தனி மைக் இணைக்கும் வசதி இருந்திருப்பின், தாயாரின் சேலையில் ஒரு சிறு மைக்கைச் செருகியிருப்பேன். வாயருகே உள்ள மைக்கில் இரைச்சலைவிடக் குரல் ஓங்கிப் பதியும்.

அந்தக் கேமரா இன்றும் பழுதின்றி இயங்குகிறது. நிலவை அருகில் காட்டுகிறது. ஆனால் அன்று சன்னலோரம் தாயார் கூறியதை மீண்டும் கேட்க இயலவில்லை. எதனைக் காத்துவைக்க விரும்புகிறோம் என்பதைத் தெளிந்த பின்னரே கருவியைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

அருஞ்சொற்பொருள்
வில்லை – லென்ஸ்
உணரி – ஒளியை மின்குறியாக மாற்றும் உறுப்பு
பாகை – டிகிரி

பயிற்சி
1. விசிறித் தகடுகள் வளைந்து தோன்றுவது ஏன்?
2. ஒளிபடும் நேரம் 1/1000 நொடியாயின், விசிறி எத்தனை பாகை சுழலும்? கணக்கிடுக.
3. பிரித்து எழுதுக: அந்நடுக்கம், சன்னலோரம்.
4. உம் குடும்பப் பயணத்தில் எவருடைய குரலைக் காத்துவைக்க விரும்புகிறீர்? ஐந்து தொடர்களில் எழுதுக.