ஷாக் கேஸ் வந்தால்: புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கு

சாலவாக்கம் மாதிரி ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸாகவோ டாக்டராகவோ சேர்ந்திருக்கிறீர்களா? ஷாக்கில் வரும் நோயாளியை எப்படியும் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் அனுப்பப்போகிறீர்கள். ஆனால் 108 கிளம்பும்வரை பொறுப்பு உங்களுடையது. டிரிப்ஸும் மருந்துதான், எடை பார்த்து அளந்து கொடுங்கள்.

முதலில் கையைத் தொடுங்கள். பி.பி. கடைசியில்தான் விழும், குழந்தைகளுக்கு இன்னும் தாமதமாக. கை சில்லிட்டிருக்கிறதா? விரல் நுனியை அழுத்தி விட்டால் 3 விநாடியில் சிவக்கவில்லையா? உஷாராகுங்கள். டெங்கு குழந்தைக்கு பி.பி. 100/80 என்றால் 'நார்மல்' என்று எழுதிவிடாதீர்கள். இடைவெளி 20தான், அது ஷாக்.

எதை ஏற்றுவது? "குளுக்கோஸ் ஏத்துங்க" என்பார்கள் உறவினர்கள். குளுக்கோஸ் தண்ணீர் ரத்தக்குழாயில் தங்காது. என்.எஸ். அல்லது ஆர்.எல். போடுங்கள். சர்க்கரை குறைந்திருந்தால் அதைத் தனியாகச் சரிசெய்யுங்கள்.

கணக்குப் போடுங்கள். பி.பி. விழாத டெங்கு ஷாக்கில் கிலோவுக்கு 10 மி.லி. 20 கிலோ குழந்தைக்கு முதல் ஒரு மணி நேரத்தில் 200 மி.லி. மில்லிக்கு 20 துளி விழும் செட்டில் நிமிடத்துக்கு 67 துளி. பி.பி. விழுந்திருந்தால் கிலோவுக்கு 20 மி.லி., 15 நிமிடத்தில்.

திரும்பத் திரும்பப் பாருங்கள். பல்ஸ், கைச் சூடு, மூச்சு, சிறுநீர். மூச்சு வேகமாகி, நெஞ்சில் கரகரப்பு கேட்டால் டிரிப்ஸை நிறுத்துங்கள். கென்யா, உகாண்டா, தான்சானியாவில் கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குறைந்து வந்த 3,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களில் 48 மணி நேரத்துக்குள் சுமார் 10.5% பேர் இறந்தார்கள். அப்படி ஏற்றாதவர்களில் 7.3%.

ரத்தம் போனால் ரத்தம்தான். சலைன் வழிச்செலவுக்கு மட்டும். பிரசவமானால் கருப்பையைத் தேய்த்துவிட்டு ஆக்ஸிடோசின். விபத்தானால் காயத்தை அழுத்திக் கட்டுங்கள். பெரிய வென்ஃப்ளான் இரண்டு போட்டு உடனே அனுப்புங்கள். செலவை நினைத்துத் தயங்கும் குடும்பத்திடம், 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தைச் சொல்லுங்கள். சாலை விபத்தில் சிக்கியவருக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

ரெஃபரல் சீட்டு. 'ஐ.வி. ஃப்ளூயிட் கொடுக்கப்பட்டது' என்ற ஒற்றை வரியை வைத்து அங்கே இருப்பவர் ஒன்றும் செய்ய முடியாது. எந்தத் திரவம், எத்தனை மி.லி., எத்தனை மணிக்கு, அதன்பின் பல்ஸ் எவ்வளவு, கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது என்று எழுதுங்கள். வண்டி கிளம்பியதும் இதையே போனிலும் சொல்லிவிடுங்கள்.