பனிக்காலத்தில் வீடு விற்பது: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்ததும், ரொறன்ரோவைச் சுற்றியுள்ள எங்கள் வீடுகள் பலவற்றில் வீடு விற்கும் பேச்சு அடங்கிவிடும். "இனி ஆர் வந்து பார்க்கப் போகினம்? சித்திரைக்குப் பிறகு வீட்டைப் போடுவம்." அவசரம் இல்லாதவர்கள் காத்திருக்கலாம். ஆனால் வேலை கல்கரிக்கு மாறியவருக்கும், தாய் தகப்பன் காலமானபின் ஆளில்லாத வீட்டைப் பொறுப்பேற்ற பிள்ளைகளுக்கும், புது வீட்டுக்குக் கையெழுத்து வைத்துவிட்டுப் பழையதையும் சுமப்பவர்களுக்கும் ஐந்து மாதம் என்பது ஐந்து மோட்கேஜ் தவணை. அதற்கு மேல் சொத்துவரி, காஸ், காப்புறுதி. ஒரு தவறான நம்பிக்கைக்காகக் குடும்பங்கள் இந்தப் பணத்தைக் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

"குளிருக்குள் வீடு வாங்க ஒருவரும் வரமாட்டார்கள்"

வருபவர்கள் குறைவு என்பது மெய்தான். ரொறன்ரோ வட்டாரத்தில் டிசம்பரும் ஜனவரியும் விற்பனை மெலிந்த மாதங்கள். ஏப்ரல், மே மாதங்களில்தான் சந்தை சூடுபிடிக்கும். ஆனால் டிசம்பரிலும் ஜனவரியிலும் விற்பனைக்கு வரும் வீடுகளும் குறைந்துவிடுகின்றன என்பதை எவரும் சேர்த்துச் சொல்வதில்லை. மே மாதத்தில் உங்கள் தெருவிலேயே இரண்டு மூன்று வீடுகளின் முன்னால் பலகை நிற்கும். ஜனவரியில் உங்களுடையது மட்டுமே நிற்கக்கூடும். கொட்டும் பனிக்குள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வீடு பார்க்க வருகிறவர் பொழுதுபோக்குக்காக வரவில்லை. அவருக்குப் புது வேலை தொடங்கும் திகதியோ, இருக்கும் வாடகை வீட்டை விட வேண்டிய திகதியோ முன்னால் நிற்கிறது.

விலை விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். வசந்தத்தில் நாலு பேர் போட்டிபோட்டு ஏற்றிவிட்ட விலையை ஜனவரியில் கேட்டுக்கொண்டிருக்கக்கூடாது. உங்கள் அயலில் கடைசியாக விற்ற வீடுகளின் விலைகளை முகவரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். போன மே மாத விலையைப் பிடித்துக்கொண்டிருந்தவரின் வீடு மாதக்கணக்கில் கிடந்தால், பழியைக் குளிரின்மேல் போடுவது சரியில்லை.

"மார்கழியில் வீட்டுக் காரியம் ஆகாது"

இந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். அதை விட்டுவிடும்படி யாருக்கும் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்ராறியோவில் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பது ஒரு நாள், வீடு கைமாறும் குளோசிங் இன்னொரு நாள். இரண்டுக்கும் நடுவே பெரும்பாலும் 30 முதல் 90 நாட்கள் வரை இருக்கும். டிசம்பர் நடுவில் பேசி முடித்தாலும் சாவி கைமாறுவது தையிலோ மாசியிலோதான். வாங்குபவரும் எங்கள் ஆளாக இருந்தால், பால் காய்ச்ச அவருக்கு நல்ல நாளே கிடைக்கும். கையெழுத்தும் மார்கழியில் வேண்டாம் என்பவர்கள் அந்த மாதத்தைப் பெயின்ற் அடிக்கவும் பழுது பார்க்கவும் சாமான் குறைக்கவும் வைத்துக்கொண்டு, பொங்கல் முடிந்ததும் வீட்டைப் போடலாம்.

"பனி மூடியிருப்பதால் குறை ஒன்றும் தெரியாது"

இதுதான் எல்லாவற்றிலும் கூடுதலாகக் கேடு செய்யும் நம்பிக்கை. கோடையில் தெரியாத குறைகளைக்கூடப் பனி காட்டிக் கொடுத்துவிடும்.

பனி கொட்டிய மறுநாள் காலையில் வீதியில் நின்று உங்கள் கூரையைப் பாருங்கள். அக்கம்பக்கத்துக் கூரைகளெல்லாம் ஒரே வெள்ளையாக இருக்க, உங்களுடையதில் மட்டும் இடையிடையே கறுப்பாக ஷிங்கிள் தெரிகிறதா? அந்த இடத்தால் வீட்டின் சூடு அற்றிக்குள் ஏறி, கூரைப் பனியை உருக்கிக்கொண்டிருக்கிறது. உருகிய தண்ணீர் கீழே வழிந்து, குளிர்ந்து கிடக்கும் கூரை விளிம்பில் வந்து மீண்டும் உறைகிறது. அங்கே பனிக்கட்டி அணையாகத் திரண்டதும், பின்னால் வரும் தண்ணீர் போக வழியின்றி ஷிங்கிளுக்கு அடியால் உள்ளே இறங்கி, மேல்மாடிச் சுவரில் மஞ்சள் கறையாக வெளிப்படும். பீலியிலிருந்து ஆளுயரத்துக்குத் தொங்கும் ஐஸ் ஊசிகளைப் பலர் அழகென்று படம் எடுத்து விளம்பரத்திலும் போடுகிறார்கள். வீட்டைப் பரிசோதிக்க வருபவர் அந்தப் படத்தைப் பார்த்ததுமே அற்றிக் ஏணியைக் கேட்பார். மேலே இன்சுலேஷன் போதாமல் இருக்கலாம். குளியலறைக் காற்றாடியின் குழாய் வெளியே போகாமல் அற்றிக்குள்ளேயே ஆவியைக் கொட்டிக்கொண்டிருக்கலாம். இரண்டுமே திருத்தக்கூடியவை. கூரை முழுவதையும் மாற்றுவதோடு ஒப்பிட்டால் செலவும் சிறியது.

பனியால் உண்மையாகவே பார்க்க முடியாமல் போகும் சில பொருட்களும் உண்டு. வெளியே 15 பாகைக்குக் கீழே இருக்கும்போது ஏசியை ஓட்டிப் பார்ப்பதில்லை, கம்பிரஷர் பழுதாகிவிடும். பனி மூடிய கூரையையும் டெக்கையும் இன்டர்லொக் கல்லையும் எவரும் சோதிக்க முடியாது. பார்க்க முடியாததை வாங்குபவர் மோசமானதாகவே கணக்கிட்டு விலையைக் குறைப்பார். அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பது உங்கள் கையிலுள்ள கடதாசிதான். கூரை போட்ட ஆண்டும் பற்றுச்சீட்டும், ஏசியைக் கடைசியாகச் சர்வீஸ் செய்த பில், கோடையில் எடுத்த முற்றத்துப் படங்கள் ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டுக் குசினி மேசையில் வைத்துவிடுங்கள். படம் எடுக்கும் யோசனை ஜூலையிலேயே வந்தால் இன்னும் நல்லது.

தெரிந்த குறையை மறைத்து விற்பது பற்றியும் ஒரு சொல். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாததும், வீட்டை ஆபத்தானதாகவோ குடியிருக்க முடியாததாகவோ ஆக்குவதுமான ஒரு குறை உங்களுக்குத் தெரிந்திருந்து, நீங்கள் சொல்லாமல் விட்டால், விற்றபின்னும் வழக்கு உங்களைத் தேடி வரலாம். பேஸ்மென்ற் சுவர் வெடிப்பின்மேல் புதிதாகப் பெயின்ற் பூசுவது அதைவிட மோசம். எதைச் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை வீட்டைப் போடும் முன்னரே உங்கள் சட்டத்தரணியிடம் கேட்டுவிடுங்கள்.

"சாம்பிராணி போட்டால் கறி மணம் போய்விடும்"

போகாது. இரண்டும் சேர்ந்து நிற்கும். எங்கள் சமையலில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிரச்சினை பூட்டிய யன்னல்தான். ஐந்து மாதம் காற்றோட்டம் இல்லாத வீட்டில் மீன் பொரித்த எண்ணெய் ஆவி திரைச்சீலையிலும் சோபாவிலும் படிந்துவிடுகிறது. வாசனை மெழுகுதிரி ஏற்றி வைத்தால், எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் வருபவர் நினைப்பார். அடுப்புக்கு மேலுள்ள காற்றாடியின் வலைத்தட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கம்பிக் கண்களெல்லாம் மஞ்சள் பிசினாக அடைத்திருந்தால், அந்தக் காற்றாடி எவ்வளவு இரைந்தாலும் காற்றை இழுக்காது. சுடுநீரில் சோப்புப் போட்டு ஒரு மணித்தியாலம் ஊறவைத்தால் பிசின் விட்டுவிடும். திரைச்சீலைகளைத் தோயுங்கள். வீடு காட்டும் வாரங்களில் பொரியலையும் தாளிப்பையும் குறையுங்கள்.

சோறு வடிக்கும் ஆவி, குளியல், வீட்டுக்குள் காயப்போடும் உடுப்பு எல்லாம் குளிர்ந்த யன்னல் கண்ணாடியில் தண்ணீராக வழிந்து, கீழ்ச்சட்டத்தில் கறுப்புப் பூஞ்சணமாக முளைக்கும். வாங்க வருபவர் திரையை விலக்கியதும் முதலில் காண்பது அதைத்தான். வெளியே கடுங்குளிர் அடிக்கும் நாட்களில் வீட்டுக்குள் ஈரப்பதன் 30 சதவீதம் அளவில் இருந்தால் போதும். அதை அளக்கும் சிறு கருவி மலிவாகக் கிடைக்கிறது.

ஹீற்றை 25க்கு ஏற்றி வைத்தால் வருபவர் மகிழ்வார் என்பதும் பிழை. அவர் தடித்த ஜக்கெற்றோடுதான் வீடு முழுவதும் நடப்பார்; 20, 21 பாகை தாராளம். அவர் ஃபர்னஸ் அறைக்குள் எட்டிப் பார்க்கும்போது புது ஃபில்ரரைக் கண்டால் அதுவே நல்ல சாட்சி. வெளிச்சுவரால் வரும் ஃபர்னஸ் குழாய்களைப் பனி மூடாமல் பாருங்கள். மூடினால் ஃபர்னஸ் நின்றுவிடலாம், நச்சுவாயுவும் உள்ளே திரும்பலாம். படுக்கையறைகளுக்கு அருகே கார்பன் மொனொக்சைட் அலாரம் வேலை செய்ய வேண்டும்.

வேலை முடிந்து மாலையில் காட்டலாம் என்று நினைப்பவர்கள், டிசம்பரில் 4.40 அளவில் சூரியன் மறைவதையும் முழுப் பகலே 9 மணித்தியாலம்தான் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். படங்களை நண்பகலை ஒட்டி எடுங்கள். வீடு பார்க்க வருவோருக்கும் 11 மணிக்கும் 3 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கொடுக்க முயலுங்கள். மாலையில்தான் முடியுமென்றால் எல்லா மின்குமிழும் எரியட்டும், வாசல் விளக்கு முதலில்.

"உப்பை அள்ளி வீசினால் வாசல் வேலை முடிந்தது"

முதலில் வழித்துத் தள்ள வேண்டும். உப்பு அதற்குப் பிறகுதான். மைனஸ் 10 பாகைக்குக் கீழே சாதாரண உப்பு அநேகமாக வேலை செய்யாது. அப்போது மணலைத் தூவினால் கால் வழுக்காது. அளவுக்கு மிஞ்சிய உப்பு சிமெந்துப் படியின் மேற்தோலைச் செதில் செதிலாக உரித்துவிடும், புல்லையும் கருக்கும். வீடு பார்க்க வந்தவர் உங்கள் படியில் விழுந்தால் பொறுப்பு உங்கள்மேல் வரலாம். ஒன்ராறியோவில் 2021 ஜனவரி முதல், பனியில் விழுந்தவர் பொதுவாக 60 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஆகவே எந்த நாள், எத்தனை மணிக்கு வழித்தீர்கள் என்று குறித்து வையுங்கள், ஒரு படமும் எடுங்கள். கதவுக்கு உட்புறம் பெரிய கால்மிதியும் பூட்ஸ் கழற்ற ஒரு இருக்கையும் வேண்டும். வீட்டாரின் சப்பாத்துக் குவியலை அன்றைக்கு வேறெங்காவது கொண்டுபோய்விடுங்கள்.

"ஆளில்லாத வீட்டுக்கு ஹீற் எதற்கு?"

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். அந்த அழுத்தத்தில் பைப் வெடித்துவிடலாம். வெடித்த பைப் உறைந்திருக்கும்வரை சத்தமின்றி இருக்கும். குளிர் இளகும் நாளில்தான் தண்ணீர் மேல்மாடியிலிருந்து பேஸ்மென்ற் வரை இறங்கும். மிச்சம் பிடித்த காஸ் பணம் அந்தச் செலவின் ஓரத்துக்கும் வராது. வீட்டை 15 பாகைக்குக் குறையாமல் வையுங்கள். வெளிக்குழாய்க்குப் போகும் வால்வை உள்ளேயே பூட்டி, மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள். காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்துப் படியுங்கள். குளிர்காலத்தில் நாலு நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் இருந்து, நாளாந்தம் எவரும் வந்து பார்க்காமலும் தண்ணீரை நிறுத்தி வடிக்காமலும் விட்டிருந்தால், உறைந்த பைப்பின் சேதத்துக்குப் பணம் தராத பத்திரங்கள் பல. 30 நாட்களுக்கு மேல் வெறுமையாக இருந்தால் வேறு பாதுகாப்புகளும் விலகக்கூடும். வீட்டைக் காலிசெய்யும் முன்னரே நிறுவனத்துக்கு அறிவித்து, அவர்கள் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். பக்கத்தில் இருக்கும் உறவினர் ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, தினமும் வந்து பார்த்துத் திகதி போட்டுக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள்.