விமான டிக்கெட் 4,800 ரூபாய். பயணத்தோட விலை எவ்வளவு?



மூணு வருஷம் முன்னாடி எங்க அப்பாவை முதல் தடவையா விமானத்தில் டெல்லிக்குக் கூட்டிட்டுப் போனேன். உத்திரமேரூரில் இருந்து பஸ்ஸில் செங்கல்பட்டு, அங்கிருந்து மின்சார ரயிலில் திரிசூலம், எதிரிலேயே விமான நிலையம். சி.ஏ. மூளை சும்மா இருக்குமா? இருக்கிறதிலேயே விலை குறைந்த டிக்கெட்டைப் போட்டேன். சீட் தேர்வுக்குப் பணம் கட்டலை, சாப்பாடு சேர்க்கலை. போதாததுக்கு வழியெல்லாம், "உள்ளே எது கேட்டாலும் காசுப்பா, எதையும் வாங்கிடாதீங்க"ன்னு வேற சொல்லி வெச்சேன்.

எனக்கு முன்பக்கம் ஒரு சீட், அவருக்குப் பின்பக்கம் நடு சீட். மூட்டு வலி உள்ள மனுஷன், ரெண்டு பேருக்கு நடுவில் எழுந்திருக்கவும் கூச்சப்பட்டு அப்படியே உட்கார்ந்திருக்காரு. டெல்லியில் இறங்கினதும் முதல் வேலையா தண்ணீர்க் குழாயைத் தேடினாரு. "உள்ளேயே கேட்டிருக்கலாமேப்பா"ன்னேன். "நீதானேப்பா எல்லாமே காசுன்னு சொன்னே"ன்னாரு.

விமானத்துக்குள் குடிதண்ணீர் இலவசம். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. விதியிலேயே அது இருக்கு. அது எனக்கு அன்னைக்குத் தெரியாது. அந்தப் பயணத்தில் நான் மிச்சம் பிடிச்சது 900 ரூபாய். இன்னைக்கு நினைச்சாலும் அது எனக்கு நஷ்டக் கணக்குதான். அதே தப்பை நீங்க பண்ணக் கூடாதுன்னுதான் இந்தப் பாடம்.

ஏன் எல்லாத்துக்கும் தனிக் காசு?

'சூரரைப் போற்று' பார்த்திருப்பீங்க. அந்தப் படத்துக்கு அடிப்படையான கேப்டன் கோபிநாத்தோட ஏர் டெக்கான் 2003-ல் பறக்க ஆரம்பிச்சது. அவர் பண்ண கணக்கு எளிமையானது. சாப்பாடு மாதிரி செலவுகளைக் கட்டணத்தில் இருந்து வெளியே எடுத்துட்டா, டிக்கெட் விலை இறங்கும். வேணும்னு நினைக்கிறவர் காசு கொடுத்து வாங்கிக்கட்டும்.

இன்னைக்கு அதுதான் பொது வழக்கம். உணவு, விருப்பமான சீட், லவுஞ்ச், செக்-இன் பெட்டின்னு பலதுக்கும் தனித்தனியா கட்டணம் வாங்க டி.ஜி.சி.ஏ. அனுமதிக்குது. 2021 பிப்ரவரியில் இருந்து, செக்-இன் பெட்டியே இல்லாத, கைப்பை மட்டும் எடுத்துட்டுப் போற மலிவு டிக்கெட்டையும் விற்கலாம்.

இதை ஏமாற்று வேலைன்னு நான் சொல்ல மாட்டேன். நம்ம மாதிரி வீடுகளில் இருந்து நிறைய பேர் பறக்கிறதே இந்த முறையாலதான். ஆனா இது ஒரு ஒப்பந்தம். ஒப்பந்தத்தைப் படிக்காம கையெழுத்துப் போடக் கூடாது.

பாடம் 1: திரையில் தெரியறது டிக்கெட் விலை மட்டும்தான்

ஒரு உதாரணக் கணக்கு. எண்கள் புரிதலுக்காக நான் போட்டவை.

டிக்கெட் அ: 4,800 ரூபாய். இதோட சீட் 450, சாப்பாடு 400, கன்வீனியன்ஸ் கட்டணம் 350. மொத்தம் 6,000.

டிக்கெட் ஆ: 5,350 ரூபாய். சீட்டும் சாப்பாடும் உள்ளேயே சேர்ந்தது. கன்வீனியன்ஸ் கட்டணம் 350. மொத்தம் 5,700.

முதல் திரையில் 'அ' 550 ரூபாய் குறைவு. கடைசித் திரையில் அதுவே 300 ரூபாய் அதிகம். அதனால விலை வரிசையைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. உங்களுக்கு உண்மையிலேயே என்னென்ன வேணும்னு முதலில் ஒரு தாளில் எழுதுங்க. அதையெல்லாம் சேர்த்த பிறகு வர்ற தொகையை ஒப்பிடுங்க. எதுவுமே வேண்டாம்னா 'அ'தான் உங்களுக்குச் சரி.

பெட்டி விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம். எகானமியில் கைப்பைக்குப் பொதுவா 7 கிலோதான். வீட்டிலேயே எடை போடுங்க. கூடுதல் எடைக்கு முன்பதிவில் ஒரு விலை, கவுண்டரில் அதைவிட அதிக விலை. அம்மா கடைசி நிமிஷத்தில் வைக்கிற ஊறுகாய் பாட்டிலையும் கணக்கில் சேர்த்துக்கோங்க. அதைக் கைப்பையில் வைக்காதீங்க, பாதுகாப்புச் சோதனையில் எடுத்துருவாங்க.

பாடம் 2: எதுக்குக் காசு கொடுக்கலாம்?

நான் வெச்சிருக்கிற விதி இதுதான்: வீட்டில் இருந்து கொண்டுபோக முடியாததுக்கு மட்டும் காசு.

சீட்டை வீட்டில் இருந்து கொண்டுபோக முடியாது. மலிவு விமானங்களில் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடைவெளி பெரும்பாலும் 28-ல் இருந்து 30 அங்குலம்தான். இளைஞரா, ஒன்றரை மணி நேரப் பயணமா? கிடைக்கிற சீட்டில் உட்காருங்க. நீங்க உயரமானவரா, இல்லை கூட வர்றவர் வயசானவரா, கர்ப்பிணியா, மூட்டு வலிக்காரரா? நடைபாதை ஓர சீட்டுக்குக் காசு கொடுத்திருங்க. அது வீண் செலவே இல்லை. அவசர வழி வரிசையில் கால் நீட்ட இடம் இருக்கும், ஆனா வயசானவங்களையும் கர்ப்பிணிகளையும் அங்கே உட்கார விட மாட்டாங்க. கடைசி வரிசையில் பெரும்பாலும் சாய முடியாது.

12 வயசுக்குள்ள குழந்தைக்கு ஒரே பி.என்.ஆரில் போற பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது சீட் தரணும்னு 2024 ஏப்ரலில் டி.ஜி.சி.ஏ. சொல்லியிருக்கு. குழந்தையைப் பிரிச்சிருவாங்களோன்னு பயந்து சீட் வாங்காதீங்க.

லவுஞ்சுக்காகக் கிரெடிட் கார்டு வாங்குறது? வருஷத்துக்கு ரெண்டு தடவை பறக்கிறவருக்கு ஆண்டுக் கட்டணம் கட்டுப்படியாகாது. பல கார்டுகளில் முந்தைய காலாண்டில் இவ்வளவு செலவு பண்ணியிருந்தால்தான் அனுமதின்னு நிபந்தனை வேற இருக்கு.

பாடம் 3: மீதி வசதி வீட்டில் இருந்து

விமானத்துக்குள் காற்றழுத்தம் சுமார் 6,000-ல் இருந்து 8,000 அடி உயர மலையில் இருக்கிற அளவுக்கு இருக்கும். கொடைக்கானலில் உட்கார்ந்திருக்கிற மாதிரின்னு வெச்சுக்கோங்க. ஆனா காற்று ரொம்ப வறண்டது, ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழ். அதனாலதான் தொண்டை காயுது, உதடு வெடிக்குது. குளிரவும் செய்யும்.

* காலி தண்ணீர் பாட்டில். சோதனை முடிஞ்சதும் உள்ளே இலவசக் குழாயில் நிரப்பிக்கலாம்.
* ஒரு சால்வை அல்லது மெல்லிய போர்வை, காலுக்கு சாக்ஸ். கொஞ்சம் பஞ்சு, காதுக்கு.
* சாப்பாடு. காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரங்களுக்கு நான் சொல்லணுமா? கோவில் இட்லி, புளியோதரை, எலுமிச்சை சாதம், எதுவுமே ஆறினாலும் நல்லா இருக்கும். குழம்பு வேண்டாம். மிளகாய்ப் பொடியைத் தனிப் பொட்டலமா எடுக்காதீங்க, இட்லியில் தடவிட்டே வாங்க.
* பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்கணும், செக்-இன் பெட்டியில் கூடாது.
* ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நடங்க. முடியலைன்னா கணுக்காலையாவது சுழற்றுங்க.

டீ குடிக்கணும்னா, சென்னை உள்நாட்டு முனையத்தில் 2025 பிப்ரவரியில் உடான் யாத்ரி கஃபே திறந்தாங்க. தொடக்க விலை டீ 10 ரூபாய், தண்ணீர் 10 ரூபாய், காபி 20 ரூபாய்.

பாடம் 4: காசு கொடுக்காமலே உங்களுக்குச் சேர வேண்டியது

* குடிதண்ணீர். கூச்சப்படாம கேளுங்க.
* கவுண்டரில் போர்டிங் பாஸ் கொடுக்கத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாதுன்னு 2022 ஜூலையில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் சொல்லியிருச்சு.
* நீங்க நேரத்துக்குச் செக்-இன் பண்ணியிருந்து, விமானம் தாமதமானா உணவும் சிற்றுண்டியும் தரணும். இரண்டரை மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 2 மணி நேரத் தாமதம், டெல்லி மாதிரி அதைவிட நீண்டதுக்கு 3 மணி நேரத் தாமதம்.
* 6 மணி நேரத்துக்கு மேல் தாமதம்னா வேற விமானம் அல்லது முழுப் பணமும் திரும்ப. எதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.

ஒரு வரிக் குறிப்பும் சொல்லிடறேன். பழைய வரி முறையில் இருந்து, உங்க சம்பளத்தில் எல்.டி.ஏ. இருந்தா, நாலு வருஷத் தொகுப்பில் ரெண்டு பயணத்துக்கு விலக்கு கேட்கலாம். உங்களைச் சார்ந்திருக்கிற பெற்றோரோட பயணமும் இதில் சேரும். கட்டணத்துக்கு மட்டும்தான், அதுவும் எகானமி கட்டண அளவுக்குள். அதனால ரசீதையும் போர்டிங் பாஸையும் பத்திரமா வைங்க.

கடைசியா

எங்க ஊர் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில், ஆயிரம் வருஷத்துக்கும் முந்தைய பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி குடவோலையில் நிற்க முடியாது, அவரோட உறவினரும் நிற்க முடியாதுன்னு அதில் இருக்கு. அந்த ஊர்க்காரன் நான். கணக்கு முக்கியம்னுதான் இன்னும் சொல்வேன். ஆனா உங்க முழங்காலுக்கு நீங்க சிக்கனம் பார்க்கலாம். அப்பா அம்மாவோட முழங்காலுக்கும் சேர்த்து நீங்களே முடிவு பண்ணாதீங்க, அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.

போன தீபாவளிக்கு அப்பாவை மறுபடி கூட்டிட்டுப் போனேன். நடைபாதை ஓர சீட், பையில் அம்மா செஞ்ச புளியோதரை, நிரப்பின பாட்டில். கூடுதல் செலவு 450 ரூபாய். இந்தத் தடவை அவரே பணிப்பெண்ணைக் கூப்பிட்டு ரெண்டு தடவை தண்ணீர் வாங்கிக் குடிச்சாரு.

அடுத்த டிக்கெட் போடறதுக்கு முன்னாடி அந்தத் தாளை எழுதிருங்க. அடுத்த பாடத்தில் சந்திப்போம்!