செய்தியோடையும் மதராசி கேம்பும்

தில்லியில் பயிலும் தமிழ் மாணவருள் மதராசி கேம்ப் என்னும் பெயரைக் கேளாதார் இலர். ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலின் கரையில் இருந்த குடியிருப்பு அது. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த எளிய மக்கள் பல பத்தாண்டுகளாக அங்கே வாழ்ந்தனர். வடிகாலைத் தூர்வார வேண்டியிருப்பதால் குடியிருப்பை அகற்றுமாறு தில்லி உயர்நீதிமன்றம் 2025 மே 9-ஆம் நாள் ஆணையிட்டது. ஜூன் 1-ஆம் நாள் வீடுகள் இடிக்கப்பட்டன. இருந்தவை ஏறத்தாழ 370 வீடுகள். மாற்றிடம் பெறத் தகுதியுடையவை என்று முதலில் கணக்கிடப்பட்டவை 189. தகுதி பெற்றோர்க்கு நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் அடுக்குமாடி வீடு. தகுதி பெறாதோர்க்கு?

அந்த வாரம் கைப்பேசியை எடுத்தால் எனக்கு மதராசி கேம்ப்தான் கண்ணில் படும். ஜூலையில் அதே கைப்பேசியில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. செய்தி தீர்ந்துவிட்டதா? இல்லை. இடம் மாறிய பிள்ளைகளின் படிப்பு, பெரியவர்களின் வேலை, தகுதி மறுக்கப்பட்டோரின் முறையீடு ஆகிய யாவும் வீடு இடிந்த பிறகு தொடங்கும் செய்திகள் அல்லவா? சமூக ஊடகம் கூட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே நம்மை இழுத்துச் செல்கிறது. கூட்டம் கலைந்ததும் செய்தியும் மறைகிறது. இக்குறைக்கு மாற்று ஒன்று கால் நூற்றாண்டுக்கும் மேலாக நம் கையருகே இருக்கிறது. அதன் பெயர் செய்தியோடை. அது இயங்கும் முறையை இங்கே காண்போம்.

ஓடை என்பது யாது?

ஒரு செய்தித் தளம் தன் செய்திகளை இரண்டு வகையாக வெளியிடுகிறது. ஒன்று மனிதர் படிப்பதற்கு. அதில் படம் உண்டு, வண்ணம் உண்டு, விளம்பரமும் உண்டு. மற்றொன்று பொறி படிப்பதற்கு. அதில் அலங்காரம் எதுவும் இல்லை. அது எக்ஸ்.எம்.எல். என்னும் முறையில் எழுதிய ஒரு கோப்பு. தளத்தின் பெயரும் முகவரியும் மேலே இருக்கும். அதன்கீழ்ச் செய்திகள், பெரும்பாலும் புதியது முதலாக, வரிசையாக நிற்கும். ஒவ்வொரு செய்திக்கும் தலைப்பு, இணைப்பு, வெளியான நாளும் நேரமும், சுருக்கம், தனி அடையாளக் குறி ஆகியவை இருக்கும். இக்கோப்பே ஓடை. புதுச் செய்தி வந்தால் மேலே சேரும். பழையது ஒன்று அடியிலிருந்து கழன்று போகும்.

படிப்பான் செய்யும் வேலை

இவ்வோடைகளைப் பெற்று நமக்குக் காட்டும் செயலியைப் படிப்பான் என்போம். ஒரு தளத்தின் முகவரியைக் கொடுத்தால் போதும். ஓடை எங்கே இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். பிறகு குறித்த நேரத்துக்கு ஒருமுறை அத்தளத்தை நாடி, "நான் சென்ற முறை பார்த்த பிறகு ஏதேனும் மாறியதா?" என்று கேட்கும். மாறவில்லை என்றால் தளம் 304 என்னும் எண்ணை மட்டும் விடையாக அனுப்பும். முழுக் கோப்பையும் மீண்டும் அனுப்ப வேண்டியதில்லை. மாறியிருந்தால் கோப்பு வரும். படிப்பான் அடையாளக் குறிகளை ஒப்பிட்டு, முன்பு காணாதவற்றை மட்டும் புதியவை என்று காட்டும். ஒரே செய்தி இருமுறை வராமல் இருப்பது இந்தக் குறியால்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓடையில் அண்மைச் செய்திகள் சிலவே நிற்கும். ஃபீடர், நெட்நியூஸ்வயர் போன்ற படிப்பான்கள் நம் கருவியிலிருந்தே ஓடைகளை நாடக்கூடியவை. தேர்வுக் காலத்தில் பத்து நாள் கைப்பேசியை அணைத்து வைத்தால், இடையே வந்து கழன்ற செய்திகள் நமக்குக் கிட்டா. ஃபீட்லி, இனோரீடர் போன்றவை தம் சொந்தக் கணினிகளைக் கொண்டு நாம் உறங்கும்போதும் ஓடைகளைப் பார்த்துச் சேர்த்து வைக்கும். ஆனால் நாம் எவற்றைப் படிக்கிறோம் என்பது அந்நிறுவனத்துக்குத் தெரியும். இவ்விரண்டில் எது வேண்டும் என்பதை அவரவர் தேர்ந்துகொள்க.

தோன்றிய வரலாறு

இம்முறையின் முதல் வடிவத்தை 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனம் வெளியிட்டது. அதனை உருவாக்கியவருள் ஒருவர் இராமநாதன் குகா, சென்னை ஐ.ஐ.டி.யில் எந்திரப் பொறியியல் பயின்றவர். பின்னர் டேவ் வைனர் அதை எளிமையாக்கி வளர்த்தார். ஆர்.எஸ்.எஸ். 2.0 என்னும் வடிவம் 2002-இல் வந்தது. ஆட்டம் என்னும் மற்றொரு வடிவம் 2005-இல் இணையத் தரமாயிற்று. இன்று படிப்பான்கள் இரண்டையும் அறியும். ஒலியிதழ்களும் இவ்வழியில் வந்தவையே. ஓடையில் செய்திச் சுருக்கத்தோடு ஒலிக்கோப்பின் முகவரியையும் சேர்த்தால் அது ஒலியிதழ் ஆகிவிடுகிறது.

2005-இல் தொடங்கிய கூகுள் ரீடர் உலகெங்கும் பரவியது. 2013 ஜூலை 1-ஆம் நாள் அது மூடப்பட்டது. ஓடை அத்துடன் அழிந்ததா? அழியவில்லை. பயனர்கள் தம் ஓடைப் பட்டியலை ஒரு கோப்பாக எடுத்துக்கொண்டு வேறு படிப்பான்களுக்குச் சென்றனர். கடை மூடினாலும் பட்டியல் நம்முடையது. இதுவே ஓடையின் பெருஞ்சிறப்பு என்பேன்.

தமிழில் ஓடை

தமிழுக்கு இது புதிதன்று. 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் என்னும் திரட்டி, தமிழில் எழுதுவோரின் ஓடைகளைப் படித்துப் புதியவற்றை ஒரே பக்கத்தில் வரிசைப்படுத்திக் காட்டியது. கோவையில் எழுதியவரும் கொழும்பில் எழுதியவரும் டொராண்டோவில் எழுதியவரும் அங்கே அடுத்தடுத்து நின்றனர். பெயர் பெற்றவர், பெறாதவர் என்னும் வேறுபாடின்றிப் புதிதாக எழுதியவர் முன்னே வந்தார். ஒருங்குறி எழுத்து முறையும் இதற்குத் துணையாயிற்று. ஆளுக்கொரு எழுத்துருவில் எழுதிய காலமே நீடித்திருந்தால், ஒரு பொறி எல்லோருடைய தலைப்பையும் ஒரே பக்கத்தில் காட்டுவது பெரும்பாடாக இருந்திருக்கும்.

நான் செய்தது

என் படிப்பானில் 'மதராசி கேம்ப்' என்று ஓர் உறை தொடங்கினேன். தி இந்து நாளிதழின் தில்லிப் பகுதி ஓடையையும் பி.பி.சி. தமிழ் ஓடையையும் அதில் இட்டேன். தில்லிச் செய்திகள் எல்லாம் வந்து குவிந்தன. ஆகவே சொல் வடிகட்டியை நாடினேன். குறித்த சொல் உள்ள செய்திகளை மட்டும் பிரித்துத் தரும் வசதி அது. எல்லாப் படிப்பான்களிலும் அது இல்லை. சிலவற்றில் அதற்குக் கட்டணம் உண்டு.

வடிகட்டி அமைப்பதிலும் சிந்தனை வேண்டும். ஓர் ஏடு 'மதராசி' என்று எழுதும். மற்றொன்று 'மதராஸி' என்று எழுதும். ஒன்று 'கேம்ப்' என்னும். மற்றொன்று 'முகாம்' என்னும். பொறிக்கு இவை வெவ்வேறு சொற்கள். ஆங்கில ஏட்டுக்கு ஆங்கிலச் சொல்லையும் தனியே கொடுக்க வேண்டும். அதனினும் முக்கியமானது ஒன்று உண்டு. குடியிருப்பு இடிந்த பிறகு அதன் பெயரே செய்தியிலிருந்து மறைந்துவிடக்கூடும். அம்மக்களின் செய்தி நரேலாவின் செய்தியாக வரும். ஆதலால் 'நரேலா', 'பாராபுல்லா' என்னும் சொற்களையும் சேர்த்தேன். மக்கள் எங்கே சென்றனர் என்பதை அறிந்தவர்க்கே அவர்களைப் பற்றிய செய்தியும் கிடைக்கும்.

ஓடையின் எல்லை

ஓடையால் ஆகாதவையும் உண்டு. அரசு அலுவலகங்கள் பலவற்றின் அறிவிப்புப் பக்கங்களில் ஓடை இல்லை; அவற்றை நாமே சென்று பார்க்க வேண்டும். சில ஏடுகள் தலைப்பை மட்டும் தந்து, கட்டுரைக்குக் கட்டணம் கேட்கின்றன. பொய்ச் செய்தி எழுதும் தளத்தின் ஓடையில் பொய்தான் வரும். எவரை நம்பிப் பட்டியலில் சேர்ப்பது என்னும் பொறுப்பு நம்முடையது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதப்படாத செய்தியை எந்த ஓடையும் கொண்டு வராது. என் உறையில் பல நாள் ஒன்றும் வருவதில்லை. அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்பது அதன் பொருளன்று. எவரும் சென்று எழுதவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு இரண்டு கருத்துகளைக் கூற விரும்புகிறேன். ஒவ்வொருவரும் ஒரு படிப்பானை நிறுவி, பத்து ஓடைகளேனும் தாமே தேர்ந்து சேர்க்க வேண்டும். அடுத்தது நம் சங்கத்தின் கடமை. தமிழும் இந்தியும் அறிந்த மாணவர் இருவர் மாதம் ஒருமுறை நரேலாவுக்குச் சென்று, அங்குள்ள தமிழ்க் குடும்பங்களிடம் கேட்டறிந்து, அவர்கள் இசைவுடன் ஒரு பக்கம் எழுதட்டும். தகுதி கிடைக்காமல் வேறிடம் சென்றோரையும் தேடட்டும். அப்பக்கத்தை ஓடையுடன் வெளியிடுவோம். அதற்கான செலவு மிகச் சிறிது. ஊருக்குத் திரும்பிய உறவினரும், சென்னையிலுள்ள செய்தியாளரும், அரசு அலுவலரும் அதைத் தத்தம் படிப்பானில் சேர்த்துக்கொள்ளலாம். வரும் செயற்குழுவில் இதனை முன்மொழிய எண்ணியுள்ளேன். உடன் வர விரும்புவோர் பெயர் தருக.