சூளையைக் கூப்பிடும் சி நிரல்

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் எரியும் சூளையின் வெப்பநிலையை நல்லூர் வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் மாற்றவும் வேண்டும். சூளையருகே தெர்மோகப்பிள் மாட்டிய பழைய லினக்ஸ் கணினி. என்னிடம் சி மொழியில் ஒரு சின்ன கிளையன்ட். இதற்கு சன் ஆர்பிசி தாராளமாகப் போதும். வேறு கணினியில் உள்ள ஃபங்ஷனை நம் நிரலிலேயே இருப்பதுபோல அழைக்கலாம் என்று பிரெல்லும் நெல்சனும் 1984-இல் விளக்கி எழுதிய அதே வழி.

முதலில் எக்ஸ் கோப்பை எழுதுங்கள். ஃபங்ஷன் பெயர், கொடுப்பது, வாங்குவது, நிரல் எண், பதிப்பு எண் எல்லாம் அதில்தான். நிரல் எண்ணை ஹெக்ஸாடெசிமலில் 20000000-லிருந்து தொடங்குங்கள். அந்த வரிசை நமக்கென்றே ஒதுக்கியது. பிறகு ஆர்பிசிஜென் என்ற கருவி மற்ற கோப்புகளை உருவாக்கித் தரும். பழைய பாடநூல்படி கம்பைல் செய்தால் தலைப்புக் கோப்பே இல்லை என்று பிழை வரும். 2020-இல் வெளிவந்த ஜிலிப்சி 2.32 என்ற சி நூலகப் பதிப்பில் சன் ஆர்பிசி பகுதி நீக்கப்பட்டுவிட்டது. இப்போது அதற்குப் பதில் லிப்டிஐஆர்பிசி நூலகத்தை இணைக்க வேண்டும். ஆர்பிசி சேவை எந்த போர்ட்டில் இருக்கிறது என்று சொல்லும் 111-ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள், விபிஎன் வழியே போங்கள்.

ஆர்பிசிஜென் வழக்கமாக உருவாக்கும் ஸ்டப் (தொலைவிலுள்ள ஃபங்ஷனுக்காக நம் நிரல் அழைக்கும் ஃபங்ஷன்), விடையை ஒரு ஸ்டாட்டிக் மாறியில் வைத்து அதன் பாயின்டரைத் தருகிறது. அடுத்த அழைப்பு அதை அழித்து எழுதிவிடும். இரண்டு அளவுகளை ஒப்பிட வேண்டுமென்றால் முதல் மதிப்பை உடனே நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

நான் அதிகம் யோசித்தது விடைக்குப் பதிலாக 'நல்' பாயின்டர் திரும்பும் இடத்தைப் பற்றி. யுடிபியில் பதில் வராவிட்டால் கிளையன்ட் அதே கோரிக்கையைத் தானாகவே மறுபடி அனுப்பும். ஆர்பிசிஜென் வைக்கும் 25 விநாடி கெடு முடிந்ததும் 'நல்' தரும். வேலை நடக்கவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. வேலை முடிந்து பதில் மட்டும் தொலைந்திருக்கலாம், ஒரே வேலை இருமுறைகூட நடந்திருக்கலாம். வெப்பநிலையைப் படிப்பதில் இதனால் கெடுதல் இல்லை. 'பத்து டிகிரி கூட்டு' என்று ஒரு ஃபங்ஷன் இருந்தால் சூளையில் உள்ள சரக்கு முழுவதும் பாழாகலாம். அதனால் அப்படி ஒன்றை நான் எழுதவே இல்லை. '1,180 டிகிரிக்கு வை' என்பதுதான் என் எக்ஸ் கோப்பில் உள்ள கட்டளை. எத்தனை முறை போய்ச் சேர்ந்தாலும் சூளை அதே 1,180-இல்தான் நிற்கும்.